எந்த குரூப் எடுக்கலாம்?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே பிளஸ் ஒன் சேர்க்கையைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன்; அந்த உரிமையில் சொல்கிறேன்.

கேள்வி: பத்தாவதில் நல்ல மார்க் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஏன் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பிலேயே போய்ச் சேருகிறார்கள்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், அறந்தாங்கி

பதில்: ஒவ்வொரு ஜூனிலும் முதல் நாள் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, ‘இந்த குரூப்பை ஏன் எடுத்தாய்?’ என்று எழுதச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம் என்பேன்; அதனால் உண்மை வரும். ‘மார்க் இருந்துச்சு.’ ‘அப்பா சொன்னாரு.’ ‘அக்கா படிச்ச புக்கு வீட்ல இருக்கு.’ ‘எட்டாவதுல கணக்கு டீச்சரை ரொம்பப் புடிக்கும்.’ ‘வேலை கிடைக்கும்.’ இப்படித்தான் வரும். ‘கணக்கு போட்டா நேரம் போறதே தெரியாது’ என்று எழுதியவர்கள் எந்த வருஷமும் ஒரு சிலரே.

என் சீட்டுகளில் மார்க்தான் முதல் காரணம். 480 வாங்கிய பிள்ளை காமர்ஸ் கேட்டால் அலுவலக அறையில் இருக்கிற எல்லாரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். கையில் காசு இருக்கிறது என்பதற்காகக் கடையிலேயே விலை கூடிய செருப்பை வாங்கிவிடுகிறோம். காலுக்குப் பொருந்துமா என்று போட்டுப் பார்ப்பதில்லை.

கேள்வி: இந்த ஃபர்ஸ்ட் குரூப் மோகம் எப்போது வந்தது? எங்கள் காலத்தில் இப்படி இல்லையே!
— ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: உங்கள் காலத்திலும் இருந்தது ஐயா. பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் காம்போசிட் மேத்ஸ் எடுத்த பையனுக்கு இருந்த மதிப்பு ஜெனரல் மேத்ஸ் எடுத்தவனுக்கு இல்லை. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்ற பேச்சும் பி.யு.சி. காலத்துப் பேச்சுதான். 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததும் அந்தத் தேர்வு கல்லூரி வாசலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது.

மோகத்தை மூட்டியது 1984. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்க ஆரம்பித்ததும், தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் சாஃப்ட்வேர் வேலைகள் வந்தன. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மார்க்கே கட்-ஆஃப் என்றானது. கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. மஞ்சள் நிறக் கல்லூரி பஸ் பனங்காட்டுப் பாதையிலும் வந்து நின்றது. அந்த பஸ்ஸில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். களத்துமேட்டில் நின்றவர் தன் மகனை ஏ.சி. அறைக்கு அனுப்பியது ஃபர்ஸ்ட் குரூப் வழியாகத்தான். அவர் முகத்தைப் பார்த்து ‘மோகம்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கேள்வி: எனக்கு டாக்டர் ஆகணும். கணக்கு என்றாலே கை நடுங்குது. அப்பா பயோ-மேத்ஸ்தான் எடுக்கணும்னு பிடிவாதமா இருக்கார்.
— பத்தாம் வகுப்பு மாணவி, துறையூர்

பதில்: மகளே, மருத்துவப் படிப்புக்குப் பிளஸ் டூ கணக்கு தேவையில்லை. நீட் தேர்வின் 720 மார்க்கில் 360 உயிரியல். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற ப்யூர் சயின்ஸ் குரூப்பே போதும். நர்சிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ‘டாக்டர் கிடைக்காவிட்டால் இன்ஜினீயரிங்’ என்பது அப்பாவின் கணக்கு. கை நடுங்குகிற பிள்ளைக்கு அந்த இரண்டாவது வழி வழியே அல்ல என்று அவரிடம் சொல்லு. நான் சொன்னதாகவே சொல்லு.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். நீ கணக்கை விட்டாலும் கணக்கு உன்னை விடாது. பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் பாடத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்து நிற்கும். கோடை விடுமுறையில் அவற்றின் அடிப்படையை மட்டும் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள். பரீட்சை இல்லாத கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது.

கேள்வி: கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயமா?
— மாணவர், பரமக்குடி

பதில்: இல்லை தம்பி. கட்-ஆஃப் 200இல் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தக் கூட்டலில் வருவதே இல்லை. பிடித்தால் படி.

கேள்வி: “எதற்கும் இருக்கட்டும், ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்” என்கிறார் என் கணவர். சரிதானா?
— ஒரு தாய், ஆம்பூர்

பதில்: பாதி சரி அம்மா. ஃபர்ஸ்ட் குரூப் முடித்தவர் பி.காம். போகலாம், சட்டம் போகலாம், வரலாறு படிக்கலாம். காமர்ஸ் முடித்தவர் பொறியியலுக்கோ இயற்பியல் பட்டப்படிப்புக்கோ திரும்ப முடியாது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பட்டப்படிப்பைக் கணக்கு இல்லாமல் நினைக்கவே முடியாது. உங்கள் கணவர் சொல்வதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் இந்த குரூப்பை எடுப்பதற்கு நான் மதிக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. பதினைந்து வயதில் எது வேண்டும் என்று தெரியாமல் இருப்பது குற்றம் இல்லை.

மீதிப் பாதிக்கு வருகிறேன். கதவு திறந்திருந்தாலும் வரிசை இருக்கிறது. வெறுப்போடு படித்துக் கணக்கில் 45 வாங்கிய பிள்ளைக்கு அந்த வரிசையில் எங்கே இடம் கிடைக்கும்? அதே பிள்ளை கணக்குப்பதிவியலில் 95 வாங்கியிருக்கக் கூடும். இரண்டு வருஷம் காலை டியூஷன், பகலில் பள்ளி, மாலையில் மறுபடி டியூஷன். இத்தனையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற இரண்டு சொல்லுக்காக என்றால் விலை அதிகம். கணக்கு சுமாராக வந்தாலும் வெறுப்பில்லை என்றால் எடுக்கட்டும். வெறுப்பு இருந்தால் வேண்டாம். இதுதான் என் தீர்ப்பு.

கேள்வி: பத்தாவதில் கணக்கில் 97. பிளஸ் ஒன் முதல் மிட்-டெர்மில் 31. நான் மக்கா சார்?
— பிளஸ் ஒன் மாணவர், உடுமலைப்பேட்டை

பதில்: இல்லவே இல்லை தம்பி. விளையாட்டு மாறியிருக்கிறது, அதை உனக்கு யாரும் சொல்லவில்லை. பத்தாவது கணக்கில் வரைபடத்துக்கு எட்டு, செய்முறை வடிவியலுக்கு எட்டு என்று பதினாறு மார்க் பயிற்சியாலேயே கைக்கு வந்துவிடும். புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளை மூன்று தரம் போட்டவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பிளஸ் ஒன்னில் பன்னிரண்டு பாடம், இரண்டு தொகுதி. முதல் பாடத்திலேயே சார்பு வந்துவிடும். அது புரியாதவனுக்கு முக்கோணவியலும் புரியாது, எல்லைகளும் புரியாது, வகையீட்டைச் சூத்திரமாக மனப்பாடம்தான் செய்வான். உனக்குத் தடுமாற்றம் தொடங்கியது அங்கேதான் என்று பந்தயம் கட்டுவேன்.

மருந்து ஒன்றே. தினம் ஒரே ஒரு கணக்கை எடு. நோட்ஸைத் திறக்காமல் அதோடு இருபது நிமிஷம் உட்கார். வராவிட்டாலும் பரவாயில்லை, எங்கே நின்றுவிட்டது என்று ஒரு வரி எழுதிவைத்து மறுநாள் ஆசிரியரிடம் காட்டு. இரண்டு மாதத்தில் தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் நடத்திய பள்ளிகள் பல இருந்தன. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அந்த வழக்கம் ஒரு காரணம். பொதுத்தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அஸ்திவாரம் அந்த வருஷத்தில்தான் போடப்படுகிறது. அதைத் தாண்டிக் குதிக்கிற பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: “பொம்பளைப் புள்ளைக்கு கணக்கும் இயற்பியலும் எதுக்கு? நர்ஸுக்குப் படிக்கட்டும்” என்கிறார் பாட்டி. நான் என்ன சொல்ல?
— மாணவி, ஊத்தங்கரை

பதில்: நர்ஸ் வேலை உயர்ந்த வேலை. அது உனக்கு ஆசையென்றால் தாராளமாகப் போ. ‘பொம்பளைப் புள்ளை’ என்பதற்காக மட்டும் போகாதே. சூரியனை ஆராய 2023இல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த பெண். சந்திரயான்-2 திட்டத்தை நடத்தியவர் முத்தையா வனிதா, சென்னைப் பெண். இரண்டு பெயரையும் பாட்டியிடம் சொல்லு. பாட்டிகள் பெயரும் ஊரும் சொன்னால் நம்புவார்கள்.

என் வகுப்பில் கண்டதையும் சொல்கிறேன். 95 வாங்கிய பெண் ‘எனக்குக் கணக்கு அவ்வளவா வராது சார்’ என்பாள். 60 வாங்கிய பையன் ‘பார்த்துக்கலாம் சார்’ என்பான். ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தை எடுப்பது இரண்டு கேள்விக்கு அது தனக்குள் சொல்லிக்கொள்ளும் பதிலைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. என்னால் முடியுமா? இது எனக்கு வேண்டியதா? முதல் கேள்விக்கு நம் பெண்பிள்ளைகள் தங்களுக்கே குறைத்து மார்க் போட்டுக்கொள்கிறார்கள். நீ அப்படிப் போடாதே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இயற்பியல் எடுத்தாலும் உண்டு, நர்சிங் எடுத்தாலும் உண்டு.

கேள்வி: சிநேகிதி சேர்ந்த குரூப்பிலேயே நானும் சேரலாமா?
— மாணவி, தேனி

பதில்: மதியச் சாப்பாட்டை அவளோடு சாப்பிடு. பரீட்சை நீ தனியாகத்தான் எழுதுவாய்.

கேள்வி: பணக்கார நாடுகளில் பிள்ளைகள் அறிவியல் வேண்டாம் என்கிறார்களாமே, உண்மையா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பெருமளவு உண்மை. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 40 நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் ‘ரோஸ்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். ‘விஞ்ஞானி ஆக ஆசையா?’ என்ற கேள்விக்கு ஏழை நாட்டுப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஆம் என்றார்கள். நாடு வளமாக வளமாக அந்த ஆம் இறங்கிக்கொண்டே போனது. நார்வேயும் ஜப்பானும் கீழே, உகாண்டா போன்ற நாடுகள் மேலே. வயிறு நிறைந்த வீட்டில் ‘எனக்கு எது பிடிக்கும்?’ என்று பிள்ளை கேட்கிறது. நிறையாத வீட்டில் ‘எது எங்களைக் கரையேற்றும்?’ என்று கேட்கிறது. அறந்தாங்கி ஐயாவுக்கு நான் சொன்ன பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் கேட்பது இரண்டாவது கேள்வி. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் படித்தவர் இல்லை. மகன் சயின்ஸ் குரூப் சேரப் போகிறான். என்னால் அவனுக்கு என்ன செய்ய முடியும்?
— லாரி மெக்கானிக், ராஜபாளையம்

பதில்: இந்த வாரம் வந்ததிலேயே என்னை அதிக நேரம் யோசிக்க வைத்த கேள்வி இது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2009இல் தொடங்கி, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டுவந்தார்கள். பெரும்பாலானோருக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. விஞ்ஞானி ஆவேன் என்றவர்களோ ஏறத்தாழ 15 விழுக்காடுதான். இடையில் என்ன நடந்தது? வீட்டில் அறிவியலைப் பற்றிப் பேச ஆள் இருக்கிற பிள்ளை அதைத் தன் சொத்தாக நினைக்கிறது. இல்லாத பிள்ளை ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நமக்கில்லை’ என்று ஒதுங்கிவிடுகிறது.

அண்ணே, உங்கள் பட்டறையே ஒரு லேப். ஹைட்ராலிக் ஜாக்கியை ஒரு கையால் அடித்து லாரியைத் தூக்குகிறீர்களே, அது பாஸ்கல் விதி. அவன் புத்தகத்தில் அது படமாக இருக்கிறது. உங்கள் கையில் பாரமாக இருக்கிறது. நீளமான ஸ்பானரால் திருகினால் நட்டு சுலபமாகக் கழலுவது திருப்புவிசை. ரேடியேட்டர் கொதிப்பது, பேட்டரி இறங்குவது, பிரேக் பிடித்தால் டிரம் சுடுவது எல்லாமே அவனுடைய பாடம். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘இது ஏன் இப்படி ஆகுது, உன் புக்குல பாத்துச் சொல்லு’ என்று கேளுங்கள். படித்த வீட்டுப் பிள்ளைக்குக்கூட இது கிடைக்காது.

கேள்வி: மகன் 470 மார்க். சி.ஏ. படிக்க வேண்டும் என்று காமர்ஸ் கேட்கிறான். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
— ஒரு தந்தை, பவானி

பதில்: என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பது வரம். சேர்த்துவிடுங்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவாகக் கேட்டு வாங்குங்கள், சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்களில் ஒன்று கணக்கும் தர்க்கமும் புள்ளியியலும் சேர்ந்த 100 மார்க் தாள்.

கேள்வி: கணக்கில் 92, அறிவியலில் 88. மொழிப் பாடங்களில் குறைந்ததால் மொத்தம் 371. “உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடையாது” என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
— மாணவர், கள்ளக்குறிச்சி

பதில்: இது தவறு. மொத்த மார்க்கை வரிசைப்படுத்தி மேலே இருப்பவர்களுக்குச் சயின்ஸ், நடுவில் காமர்ஸ், மிச்சத்துக்குத் தொழிற்கல்வி என்று பந்தி பிரிப்பதை நான் பணியில் இருந்தபோதும் ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. ஒருமுறை என் எதிரிலேயே ஒரு பையனை இப்படித் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கும்பகோணத்தில் இராமானுஜன் கல்லூரி உதவித்தொகையை இழந்தது கணக்கினால் அல்ல, மற்ற பாடங்களில் தேறாததால். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அந்த இடத்திலேயே நிற்கிறோம்.

கணக்கு மார்க்கையும் அறிவியல் மார்க்கையும் தனியே குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனுக் கொடு. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ. அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் அதே மனுவின் நகலைக் கொடு. பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் இடம் கேள். முதல் பட்டியல் முடிந்ததும் இடங்கள் காலியாகும். விடாதே.

கேள்வி: பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனால் பிறகு மேலே வரவே முடியாது என்கிறார்களே?
— மாணவர், விழுப்புரம்

பதில்: உன் ஊரிலிருந்தே பதில் தருகிறேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். பத்தாவதுக்குப் பிறகு மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அவர் அப்படியே ஏறி, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனார். கையில் வேலை பழகப் பிடிக்கும் பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பைவிட இது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இங்கும் உயர்தரத்தில் கணிதம், உயிரியல் எண்டுதான் எல்லாரும் நிக்கினம். ஏன் இப்பிடி?
— ஒரு ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: அங்கே அந்தக் காரணத்துக்குள் வரலாறும் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் மொழியையும் மாவட்டத்தையும் பார்த்து மார்க்கைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்திலும் பொறியியலிலும் இடம் இழந்தவர்கள்தானே இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்களின் தாத்தா பாட்டிகள்? பறிபோனதன் மேல் பற்று கூடும். மூன்றே பாடம், ஒரு இஸட் புள்ளி, மாவட்டக் கோட்டா என்ற ஏற்பாட்டில் பிள்ளைகள் மேல் ஏறும் பாரம் இங்கே இருப்பதைவிட அதிகம் என்றே எனக்குப் படுகிறது. 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறதே. அதை இரண்டாந்தரமாகப் பேசாமல் வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள் டீச்சர்.

கேள்வி: தப்பான குரூப் எடுத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வாழ்க்கை போச்சா?
— பிளஸ் ஒன் மாணவி, நாகர்கோவில்

பதில்: போகவில்லை மகளே. சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தால், இடம் இருக்கும் பள்ளிகளில் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாறிக்கொள்ள முடியும், நாளைக்கே கேள். காலம் கடந்திருந்தால் இதைக் கேள்: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டு, அது தன் வழி இல்லை என்று கண்டு, மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். 2009இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். உன் மாவட்டத்துக்காரரான கே. சிவன் முதலில் படித்தது கணக்கில் பி.எஸ்சி.; பிறகுதான் விமானப் பொறியியல், பிறகுதான் இஸ்ரோ தலைவர் பதவி.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் பங்குக்கு என்ன செய்யலாம்?
— ஆசிரியை, திருப்பத்தூர்

பதில்: என் சீட்டுகளில் ‘டீச்சரைப் புடிக்கும்’ என்ற காரணமும் உண்டு, அதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலை லேபை ஒருநாள் மதியம் உங்கள் வகுப்புக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, கடைசிச் சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாவதை ஒரு பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கட்டும். குரூப் எடுத்த பிறகு லேபைக் காட்டுகிறோம். எடுப்பதற்கு முன்னால் காட்டினால் என்ன?

கேள்வி: ரிசல்ட் வரப்போகிறது. எங்கள் வீட்டில் தினமும் சண்டை. உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.
— ஒரு தம்பதி, மதுரை

பதில்: பிளஸ் ஒன் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய புத்தகம் கேட்டு வாங்கினாலும் சரி. கணக்கு, இயற்பியல், உயிரியல், கணக்குப்பதிவியல், வரலாறு என ஐந்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு வாரம் எதுவும் பேசாதீர்கள். பிள்ளை எதைத் தானாக எடுத்துப் புரட்டுகிறது, எந்தப் பக்கத்தில் நின்று உங்களைக் கூப்பிடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். எட்டாம் நாள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பிள்ளை பேசி முடிக்கட்டும். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.